எனக்குப் பிடித்த எடிட்டரும் கேள்விக்குறிகளும்

பி.காம் படிக்கிற பொண்ணுக்கு கோடிங் எடிட்டர் எதுக்குன்னு கேக்காதீங்க. டேலி மட்டும்தான் நம்ம தலையெழுத்தா என்ன? :-)

எங்க மங்கலம்பேட்டையில் அம்மா ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார். 16 பேர். சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாம் நோட்டில்தான். "நான் பைத்தான்ல போட்டுத் தரேம்மா" என்று பீற்றிக்கொண்டேன். கையில் இருந்தது அக்கா பிளஸ் டூவில் வாங்கிய அரசு இலவச லேப்டாப். 2 ஜிபி ராம். பேட்டரி எப்பவோ போயாச்சு.

வகுப்பில் எல்லாரும் விஎஸ் கோடு என்றார்கள். 2015இல் வந்தது, அருமையானதுதான். ஆனா அது உள்ளுக்குள்ளே ஒரு குரோமியம் பிரவுசரையே வைத்து ஓடுகிறது. நம்ம லேப்டாப்புக்கு அந்தப் பாரம் தாங்காது.

அடுத்து விம். 1976இல் பில் ஜாய் எழுதிய விஐ-யின் வாரிசு. 1991இல் இதை வெளியிட்ட பிராம் மூலனார், 2023இல் இறக்கும்வரை கவனித்துக்கொண்டார். திறந்தவுடன் உகாண்டா குழந்தைகளுக்கு உதவச் சொல்லும். மனசு நெகிழ்ந்தது. வெளியே வரத்தான் தெரியவில்லை, ஒயரைப் பிடுங்கினேன்! பிறகு பழகினாலும், டெர்மினல் எல்லா எழுத்தையும் ஒரே அளவு கட்டத்தில் அடைக்கப் பார்க்கும். நம்ம 'கொ' அதில் அடங்குமா?

கடைசியில் லேப்டாப்பிலேயே இருந்த சாதாரண எடிட்டரில் எட்டு மாதக் கணக்கையும் அடித்தேன். சேமிக்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ எச்சரிக்கை. படிக்காமல் ஓகே கொடுத்தேன். மறுநாள் திறந்தால்...

?????? 500
???????? 1200

தொகை இருக்கு, ஆள் இல்லை! நான் சேமித்தது ஆன்சி முறையில். அந்தப் பட்டியலில் மொத்தமே 256 இடம், தமிழுக்கு அதில் இடமே கிடையாது. எழுத்து கிடைக்காத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிடும். சாயங்காலம் குழுக் கூட்டம் வேற. அம்மா திட்டவில்லை. "நோட்டுல எழுதியிருந்தா கேள்விக்குறி வருமா பாப்பா?" என்று மட்டும் கேட்டார். அதுதான் சுருக்கென்றது.

நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் திரும்ப அடித்தேன், இந்த முறை நோட்பேட்++ல். 2003இல் டான் ஹோ தொடங்கியது. சின்னது, வேகமானது. எனக்கு முக்கியம், கீழே வலது ஓரத்தில் 'யுடிஎஃப்-8' என்று எழுதியிருக்கும் அந்தச் சின்ன இடம். என் எழுத்தை எப்படிச் சேமிக்கிறது என்று அது மறைக்காமல் சொல்கிறது. ஒரு டிப்ஸ்: சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறப்பதாக இருந்தால் 'யுடிஎஃப்-8 பிஓஎம்' என்று சேமியுங்கள், தமிழ் சிதறாது. விண்டோஸில் பைத்தான் கோப்பைத் திறக்கும்போதும் குறியாக்கம் எது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

எடிட்டர் சண்டையில் வேகம், கலர், ஷார்ட்கட் என்று ஆயிரம் பேசலாம். என் பரீட்சை ஒன்றுதான். உங்க அம்மா பேரைத் தமிழில் அடித்து, சேமித்து, மூடித் திறந்து பாருங்க. பேர் அப்படியே இருந்தால் அது நல்ல எடிட்டர்.

அம்மா இன்னமும் நோட்டிலும் எழுதுகிறார். நான் தடுப்பதில்லை. பேக்கப் முக்கியம் இல்லையா! :-)