பசை காய்வதற்குள் ஓர் அத்தியாயம்

சிவகாசி அச்சகங்களில் அடித்து வரும் தீப்பெட்டி லேபிள் தாள்களில் நிறம் பிசகியவற்றை ஆபீசில் தனியாகக் கழித்துப் போடுவார்கள்; எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு ஆபீஸ் என்றுதான் பேர். ஒரு பக்கம் வரிசை வரிசையாக மயில், குத்துவிளக்கு, ஓடுகிற மான். சிவப்பு ஒரு நூல் தள்ளி விழுந்ததில் மானுக்கு இரண்டு முதுகு இருக்கும். மறுபக்கம் சுத்த வெள்ளை. கணக்குப்பிள்ளை மாமா அதில் ஒரு கட்டு கொண்டுவந்து கொடுத்தால், ஆச்சி கோணி ஊசியால் நடுவில் தைத்து நோட்டாக்கித் தருவாள். கோவில்பட்டியில், எழுபதுகள் முடிந்து எண்பதுகள் பிறக்கிற சமயத்தில், நான் நாவல் எழுதத் தொடங்கியது அந்த நோட்டுகளில்தான். எனக்கு அப்போது பதினொன்றோ பன்னிரண்டோ வயது.

நோட்டின் முதல் பக்கத்தில் 'படிக்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல். அது வளர்ந்த விதத்தை நினைத்தால் இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. இதைப் படி, அதைப் படி என்று சொல்ல வீட்டிலும் தெருவிலும் ஆள் கிடையாது. நூலகத்தில் எடுக்கும் புத்தகத்தின் கடைசித் தாளில் 'எங்கள் பிற வெளியீடுகள்' என்று ஒரு வரிசை இருக்குமே, அதை அப்படியே எழுதிக்கொள்வேன். தலைப்பும் ஆசிரியர் பெயரும் தவிர வேறொன்றும் தெரியாது. அந்தத் தலைப்புக்குள் என்ன கதை இருக்கும் என்று யோசித்தபடியே தூங்கிப்போவேன். 'தலைமுறைகள்', 'மோகமுள்', 'பஞ்சும் பசியும்', 'ஒரு புளியமரத்தின் கதை'. பஞ்சும் தெரியும், பசியும் தெரியும். எங்கள் ஊரில் பஞ்சாலைச் சங்கு ஊதித்தான் பொழுதே விடியும். ஒரு புளியமரத்தைப் பற்றி ஒருவர் முழு நாவல் எழுதியிருக்கிறார் என்பதுதான் பிடிபடவில்லை. அதனாலேயே அந்தப் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு வைத்தேன்.

கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டமாக இருக்கும். நீள மேசையில் பெரியவர்கள் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே, புத்தக முதுகுகளில் ஒட்டிய வெள்ளைச் சீட்டில் ஓ31,3 என்று மையால் எழுதியிருக்கும். ஓ என்றால் இலக்கியம், 31 என்றால் தமிழ், 3 என்றால் புனைகதை என்று நூலகத்தில் இருந்த அண்ணன் ஒருநாள் சொல்லிக் கொடுத்தார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த கோலன் பகுப்புமுறை அது. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் நின்றவரும் அவர்தான். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு நூலக வரியையும் சேர்த்து வாங்குவார்கள். ஆச்சிக்குச் சட்டமெல்லாம் தெரியாது. தீர்வை கட்டிய ரசீதில் நூலகத்துக்கும் ஒரு தொகை இருக்கிறது என்று யாரோ வாசித்துக் காட்டியிருந்தார்கள். நான் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றால் அவள் விடமாட்டாள். "போயி எடுத்துட்டு வா. நம்ம துட்டும் அதுல கிடக்கு" என்பாள். உரிமையோடு நூலகத்துக்குள் போகச் சொல்லிக் கொடுத்தது கையெழுத்துப் போடத் தெரியாத அந்தக் கிழவி.

எங்கள் வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவார்கள். அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு மதினி, இன்னும் இரண்டு மூன்று பேர். ஆபீசிலிருந்து கட்டுக் கட்டாக மரச்சில்லும் நீலத்தாளும் வரும். சில்லில் ஏற்கெனவே மடிப்புக் கோடு விழுந்திருக்கும். மடித்துத் தாளைச் சுற்றினால் மேல்பெட்டி, அடிவைத்து ஒட்டினால் அடிப்பெட்டி. கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் போட்டுக் கிண்டிய பசை. 144 பெட்டி ஒரு குரோஸ். கூலி குரோஸ் கணக்கில். கண்ணும் தேவைப்படாத அளவுக்கு விரல்கள் பழகியிருக்கும்.

ஒருநாள் தூணோரம் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா திரும்பிப் பார்த்து, "ஏ புள்ள, அதச் சத்தமா வாசியேன். கைதான வேலை செய்யுது, காது சும்மாதான கெடக்கு" என்றாள்.

அன்றிலிருந்து நான் வாசிப்பவளானேன். ஒரு சட்டிப் பசை தீர்வதற்குள் ஓர் அத்தியாயம். பசை ஆறி ஏடு கட்டத் தொடங்கினால் அம்மா அடுப்படிக்கு எழுந்து போவாள்; அத்தியாயம் அதற்குள் முடிந்திருக்க வேண்டும். எந்தப் புத்தகத்தை எடுப்பது என்பதும் அதன்பிறகு என் கையில் மட்டும் இல்லை. பட்டியலில் பெயர்களுக்குப் பக்கத்தில் 'திண்ணைக்கு', 'எனக்கு' என்று குறிப்பு ஏறியது. திண்ணைக்கு என்று எடுத்ததில் ராணி முத்து நிறைய. 1969-இலிருந்து மாதம் ஒரு நாவலாக வந்துகொண்டிருந்தது. பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடைக்கும். அட்டை கிழிந்தது என்றால் கடைக்காரர் தராசிலேயே வைக்கமாட்டார், சும்மா கொடுத்துவிடுவார்.

அந்தத் திண்ணையில் நான் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. கதை தொய்ந்தால் யாரும் சொல்லமாட்டார்கள், மதினி பக்கத்தில் திரும்பி, "நேத்து உளுந்து என்ன வெல போட்டான்?" என்று கேட்பாள். கதை பிடித்துக்கொண்டால் விரல்களின் சத்தம் மெல்லக் குறையும். சில்லும் சில்லும் உரசுகிற அந்தச் சத்தம் முழுசாக நின்றுபோன இடங்கள் உண்டு. பொழுது சாய்வதைப் பற்றி ஒரு பக்கம் வர்ணித்த ஆசிரியர்கள் பலரை உளுந்து விலை வென்றிருக்கிறது. ஒரு பெண் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதா வேண்டாமா என்று வாசலில் நிற்கிற இடத்தில் அத்தனை பேர் கையும் நின்றது. குரோஸ் முடியவில்லை என்று அன்றைக்கு அம்மா என்னைத்தான் வைதாள்.

பெரியம்மாவிடம் தைத்து வைத்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' இருந்தது. 1950-இலிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்த கதையை அப்புறமும் அதே இதழ் மறுபடி மறுபடி தொடராகப் போட்டது. அப்படி ஒரு சுற்றில் வந்த தாள்களைக் கிழித்துச் சேர்த்து வைத்திருந்தாள். கல்யாணமாகிப் போன வீட்டில் சில வாரம் பத்திரிகை வாங்கவில்லை. பிள்ளை பெற வந்திருந்தபோது இன்னும் சில வாரம் விட்டுப்போனது. அவள் வாழ்க்கையில் என்னென்ன நடந்ததோ அத்தனைக்கும் அந்தத் தைத்த புத்தகத்தில் ஓட்டை இருந்தது. நான் வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்துவேன். பூங்குழலி படகை எடுத்துக்கொண்டு கடலுக்குள் போயிருப்பாள். அடுத்த தாளில் வேறு ஊர், வேறு ஆட்கள்.

"அந்த ஓடக்காரப் புள்ள என்ன ஆனா?" என்றாள் மதினி.

"நாளைக்கு வாசிக்கேன்" என்று சொல்லிவிட்டு, ராத்திரி லேபிள் நோட்டில் அந்த அத்தியாயத்தை நானே எழுதினேன். மறுநாள் தைத்த புத்தகத்தை மடியில் விரித்து, அதற்குள் நோட்டை வைத்து வாசித்தேன். உளுந்து விலை வரவில்லை. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. இன்றுவரை அதைவிடப் பெரிதாக எதுவும் கிடைத்ததாகத் தோன்றவில்லை.

பிறகு நூலகத்தில் முழுப் புத்தகம் கிடைத்தது. எனக்கு இல்லாமல்போன அத்தியாயத்தை நின்றபடியே படித்தேன். நான் எழுதியதில் பூங்குழலி கரைக்கு வந்து, எல்லோருக்கும் பதில் சொல்லி, நிம்மதியாகச் சோறு தின்றிருந்தாள். கல்கியோ அவளை அலைக்கு நடுவிலேயே விட்டுவிட்டு, குதிரையேறி வேறெங்கோ போய்விட்டார்! வாரம் முழுக்கத் தமிழ்நாட்டையே காத்திருக்க வைத்த வித்தை எனக்கு அந்த அலமாரி முன்னால்தான் விளங்கியது. அன்றிலிருந்து இல்லாத பக்கங்களைத் தேடி எழுதுவது பழக்கமாயிற்று. ஒவ்வொரு ஓட்டைக்கும் என் அத்தியாயம் ஒன்று, பிறகு நூலகத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்ப்பது. நாவல் எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழியை நான் இன்னும் காணவில்லை.

விலை கொடுத்து நான் வாங்கிய முதல் புத்தகம் ரஷ்யாவிலிருந்து வந்தது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வண்டி ஊருக்கு வந்து நிற்கும். கெட்டி அட்டை, தடித்த தாள், பசையும் மையும் கலந்த தனி மணம், சில ரூபாய் விலை. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றவர்கள் மாஸ்கோவில் இருந்துகொண்டே தமிழாக்கியவை அந்தப் புத்தகங்கள். நான் ஒட்டிய பெட்டிகளுக்கு அம்மா தனியாகக் கூலி தருவாள்; அதை மஞ்சள் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். வாங்கியது சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்'. கிர்கிஸ் புல்வெளியில் ஒரு சிற்றூர். அதிகம் படிக்காத தூய்ஷேன் பழைய கொட்டடியைப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிர்ந்த ஓடையில் பிள்ளைகளைத் தூக்கிச் சுமந்து கடத்துகிறான். அல்தினாய் என்ற அநாதைப் பெண்ணைப் படிக்கவிடாமல் சித்தி வயதில் மூத்த ஒருவனுக்கு விற்கிறாள்.

திண்ணையில் அதை வாசித்தபோது என் சேக்காளியும் இருந்தாள். என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள், அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்று ஆபீஸ் பஸ்ஸில் ஏறத் தொடங்கியிருந்தாள். விடிவதற்கு வெகுமுன்னே அந்த பஸ் வரும். சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், இருட்டிய பிறகு திருப்பிக் கொண்டுவந்து விடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவள் திண்ணைக்கு வருவாள். கதை முடிந்ததும், "அந்த வாத்தியாரு நம்ம ஊருக்கு வந்தா பஸ்ஸ மறிப்பாராட்டி?" என்று கேட்டாள். அவ்வளவு பேரும் பேசாமல் இருந்தார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியிலிருந்துதான் என் நாவல் புறப்பட்டது.

ஆனால் எந்தத் தமிழில் எழுதுவது? அதுவரை என் நோட்டில் இருந்தவர்களெல்லாம் பத்திரிகைத் தமிழில் பேசினார்கள். ஆச்சி ஆச்சியாகப் பேசவில்லை. திருநெல்வேலி போகும் வழியில், எங்களுக்குப் பக்கத்திலிருந்த இடைசெவலில் இரண்டு எழுத்தாளர்கள் பிறந்திருக்கிறார்கள் என்று நூலக அண்ணன் சொன்னபோது முதலில் நம்பவில்லை. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையில் வரும் சாரங்கன் எங்கள் தெருப் பையனாகவே தெரிந்தான். தனக்குக் கிடைக்காத பரிசைத் தானே கொண்டுவந்து அன்பளிப்பு என்று எழுதித் தரக் கேட்கிற அந்தப் பிள்ளைக்காகப் பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வந்தது. எங்கள் நூலகத்து அலமாரியில் அது யாரும் அதிகம் தொடாமல் இருந்தது. வாசிக்க வாசிக்கத் திண்ணை கலகலப்பானது. "இது நம்ம பேச்சுல்லா!" என்று மதினி கத்தினாள். ஆச்சி ஒருபடி மேலே போய், அவருக்கு விட்டுப்போன சங்கதி என்று நாலைந்து சொன்னாள். கொஞ்ச நாள் கழித்துப் பூமணியின் 'பிறகு' கிடைத்தது, அப்புறம் 1982-இல் வந்த 'வெக்கை'. அரிவாளோடு கரிசலில் ஒளிந்து திரியும் சிதம்பரத்துக்கு எங்களைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட. 'வெக்கை'யைத் திண்ணைக்கு எடுக்கவில்லை; ராவோடு ராவாகத் தனியாகப் படித்தேன். நம் மண்ணிலும் நம் பிள்ளைகளிடத்திலும் நாவல் இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் எனக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை.

அந்த வருஷம் நோட்டின் முதல் பக்கத்தை மாற்றி எழுதினேன். பட்டியலின் பாதியை அடித்துவிட்டு, பஸ்ஸைப் பற்றி எனக்குத் தெரியவேண்டியவற்றை எழுதினேன். முன் சீட்டில் யார் இருப்பார்கள், தூங்குகிற பிள்ளைகளை எப்படி எழுப்புவார்கள், மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினால் விரலில் எந்த இடம் முதலில் காய்த்துப்போகும். சேக்காளி ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து சொல்லுவாள். "நீ பஸ்ல ஏறுனவளா? நான் சொல்லுதேன், நீ எழுது" என்பாள். தீக்குச்சி மருந்து வாடை தலைமுடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் போகாது என்பது அவள் சொன்னது. அதை அப்படியே எழுதியிருக்கிறேன், இன்றைக்கும் ஒரு சொல் மாற்றவில்லை.

1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தபோது தடைசெய்த தொழில்களில் தீப்பெட்டியும் இருந்தது. அதற்குள் சேக்காளிக்குப் பிள்ளை வயசு தாண்டிவிட்டது. 1991-இல் சோவியத் உடைந்தது. அந்தப் புத்தகங்களும் வராமல் போயின. ஆச்சி இல்லை, பெரியம்மா இல்லை. திண்ணையை இடித்து முன்பக்கம் கடை கட்டியாயிற்று. வாங்கிய புத்தகங்கள் இப்போது அறை கொள்ளாமல் இருக்கின்றன. 'படிக்க வேண்டியவை' இன்னும் நீளமாகத்தான் இருக்கிறது. எது 'திண்ணைக்கு' என்று கேட்டுக்கொள்ளாமல் இன்றும் நான் ஒரு புத்தகம் எடுப்பதில்லை.

நாவல் நடந்துகொண்டிருக்கிறது. ஓர் அத்தியாயம் முடிந்ததும் சேக்காளிக்குப் போனில் வாசிக்கிறேன். இப்போது அவள் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டுக் கேட்கிறாள். போன வாரம் வாசித்தது, பிள்ளையை பஸ்ஸில் ஏற்றுவதற்காக ஏஜென்ட் வீட்டுக்கு வந்து முன்பணம் கொடுக்கும் கட்டம். அவன் மிரட்டுகிறான், அம்மா அழுகிறாள் என்று எழுதியிருந்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "அவன் எங்கட்டி மெரட்டுனான்? எங்க அம்மைக்கு வெத்தல வாங்கிட்டு வந்து, சிரிச்சுக்கிட்டேதான துட்ட நீட்டுனான். எனக்குக் கூட ஒரு ரிப்பன் வாங்கிட்டு வந்தான். நான் ஆசையாத்தான் ஏறுனேன்." அந்த அத்தியாயத்தைத்தான் இப்போது முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.