ஹைதராபாத்தின் அபிப்பிராயங்கள்

ஹைதராபாத்துக்குச் செல்வோர் காணவேண்டிய இடங்களின் பட்டியல் நம்மில் பலருக்கு மனப்பாடம். 1591-ஆம் ஆண்டில் எழுந்த சார்மினார், வாயிலில் கைதட்டினால் உச்சியில் ஓசை கேட்கும் கோல்கொண்டாக் கோட்டை, சாலார் ஜங் பொருட்காட்சிசாலை, ஹுசேன் சாகர் ஏரி ஆகியவற்றைப் பற்றி அன்பர்கள் பலர் பலமுறை எழுதிவிட்டனர். ஆகவே அவற்றை விடுத்து, அனுமதிச் சீட்டின்றி அந்நகரில் எங்கும் அனுபவிக்கக்கூடிய ஒன்றைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது அந்நகர மக்களின் அபிப்பிராயம்.

அரசியலைப் பற்றியும், பத்திரிகைகளைப் பற்றியும், நேற்று வந்த கைப்பேசியைப் பற்றியும் எவரும் எவரிடமும் அபிப்பிராயம் சொல்லும் ஊர் அது. பிற ஊர்களிலும் சொல்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் அபிப்பிராயத்தைக் காய்ச்சும் அடுப்பும், அச்சிடும் கூடமும், கடைசியில் அதை எண்ணிப் பார்க்கும் பெட்டியைச் செய்யும் தொழிற்சாலையும் ஒரே நகரில் அமைவது அபூர்வம்.

ஈரானித் தேநீர்

அடுப்பிலிருந்தே தொடங்குவோம். பாரசீக நாட்டிலிருந்து பம்பாய்க்கும் புனாவுக்கும் வந்த ஈரானியர் ஹைதராபாத்திலும் தேநீர்க் கடைகள் வைத்தனர். இங்கே தேயிலையை மூடிய பாத்திரத்தில் நெடுநேரம் காய்ச்சுவார்கள். பாலை வேறொரு பாத்திரத்தில் சுண்டவிடுவார்கள். இரண்டும் கோப்பையில்தான் கலக்கும். தொட்டுக்கொள்ள, கடைசி நிஜாமின் பெயர் தாங்கிய உஸ்மானியா பிஸ்கோத்து. ஒரு கோப்பையை முன்வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்காத கடைகள் அவை. நிலத்தின் விலை ஏற ஏற அவற்றில் பல மறைந்துவிட்டன. எஞ்சியவற்றில் கூட்டம் குறையவில்லை.

செகந்திராபாத் ரயில் நிலையத்துக்கு அருகில் அத்தகைய கடை ஒன்றுக்கு ஒரு மாலைப்பொழுதில் சென்றேன். அழைத்துச் சென்றவர் பத்மாராவ் நகரில் வசிக்கும் தமிழன்பர். எங்கள் மேசைக்கு எதிரே ஒரு பெரியவர் உருதுப் பத்திரிகையை விரித்திருந்தார். பக்கத்தில் ஓர் இளைஞன் கைப்பேசியில் ஆழ்ந்திருந்தான்.

“மியா, இதில் வருவது செய்தி. உன் கையில் வருவது வதந்தி” என்றார் பெரியவர்.

“உங்கள் செய்தி நேற்றையது, சாச்சா” என்றான் இளைஞன்.

அடுத்த மேசையில் இருந்த தெலுங்கர் ஒருவர், “வதந்தி கேட்பதற்கு இருபதாயிரம் ரூபாய் எதற்கு? என் மைத்துனனிடம் கேட்டால் இலவசம்” என்றார். அதன்பின் பேச்சு மாநில அரசுக்குத் தாவியது. அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போயிற்று. எந்தச் செய்தி நிலையம் எந்தக் கட்சியின் பக்கம் என்பதை அங்கிருந்த ஒவ்வொருவரும் விரல்விட்டுச் சொன்னார்கள். நண்பர் அனைத்தையும் எனக்கு மொழிபெயர்த்தார். ‘ஆம்’ என்பதற்கு ‘ஹௌ’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்ற இரண்டு தக்கணிச் சொற்களைக் கற்றுக்கொண்டால் ஹைதராபாத்தில் பாதி விவாதத்தில் பங்குகொள்ளலாம் என்பது அவருடைய அனுபவம். அரைமணி கழிந்தபின் ஜெட்டாவிலிருக்கும் மகனோடு பேசுவதற்குப் பெரியவர் அதே கைப்பேசியை இரவல் கேட்டார். இளைஞன் சிரிக்காமல் கொடுத்தான்.

மையும் உதிரமும்

இவ்வாறு தாராளமாகப் பேசும் உரிமை இந்நகருக்கு எளிதில் கிடைத்ததன்று. நிஜாம் ஆட்சியில் 1926-ஆம் ஆண்டு சுரவரம் பிரதாப ரெட்டி ‘கோல்கொண்டா பத்ரிகா’ என்ற தெலுங்கு இதழைத் தொடங்கினார். தெலங்காணாவில் கவிஞர்களே இல்லை என்று ஒருவர் அபிப்பிராயம் தெரிவித்தபோது அவர் வாதாடவில்லை. 1934-இல், 354 தெலங்காணாக் கவிஞர்களின் பாடல்களைத் திரட்டி ஒரு தொகுப்பாக அச்சிட்டுக் கொடுத்துவிட்டார். ஓர் அபிப்பிராயத்துக்கு இதைவிடக் கண்ணியமான மறுப்பு இருக்க முடியாது.

எல்லா மறுப்புகளும் கண்ணியமாக இருக்கவில்லை. ஷோயபுல்லா கான் முப்பது வயதும் நிரம்பாத பத்திரிகாசிரியர். ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு இணைய வேண்டும் என்று தம்முடைய ‘இம்ரோஸ்’ என்ற உருது நாளிதழில் எழுதிவந்தார். 1948 ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவு, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டு, எழுதிய கையையும் வெட்டினார்கள். ஒரு மாதம் கழிவதற்குள், செப்டம்பர் 17-ஆம் நாள், இந்தியப் படையின் முன் பணிவதை நிஜாம் வானொலியில் அறிவித்தார். ஷோயபுல்லா அதைக் கேட்க உயிரோடில்லை.

மறு ஆண்டு, 1949-இல், ஆபித் அலி கானும் மஹபூப் ஹுசேன் ஜிகரும் ‘ஸியாஸத்’ நாளிதழைத் தொடங்கினர். ‘ஸியாஸத்’ என்றால் அரசியல். 1975-இல் ‘ஈநாடு’ ஹைதராபாத் பதிப்பைத் தொடங்கியது. 1982 மார்ச்சில் இந்நகரில் கட்சி தொடங்கிய நடிகர் என். டி. ராமராவ் 1983 ஜனவரியில் முதலமைச்சரானார். எம். ஜி. ஆரைக் கண்ட நமக்கு அது வியப்பாக இராது. பத்திரிகையின் பலத்தை ஆந்திர மக்கள் கண்டுகொண்டது அப்பொழுதுதான்.

“இட்லி சாம்பாரே, திரும்பிப் போ!”

இந்நகரம் நம்மைப் பற்றியும் ஒரு காலத்தில் அபிப்பிராயம் சொன்னதுண்டு. 1948-க்குப் பிறகு நிர்வாகத்தை நடத்தச் சென்னை ராஜ்யம் முதலிய வெளியிடங்களிலிருந்து பல உத்தியோகஸ்தர்கள் வந்து சேர்ந்தனர். பதினைந்து ஆண்டுகள் வசித்தவனே ‘முல்கி’, அதாவது மண்ணின் மைந்தன். அரசு வேலை அவனுக்கே உரியது என்பது 1919-ஆம் ஆண்டு நிஜாமின் கட்டளை. அது மீறப்படுகிறது என்று 1952-இல் மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். செப்டம்பர் முதல் வாரத்தில் சிட்டி கல்லூரியின் அருகே போலீசார் சுட்டதில் உயிர்கள் மாண்டன. அக்கிளர்ச்சியின் கோஷங்களில் ஒன்றுதான் “இட்லி சாம்பாரே, திரும்பிப் போ!”

கோபம் வேலையைப் பற்றியது. ஆனால் பழி இட்லியின்மேல் விழுந்தது. வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். நாம் ஊரைப் பற்றி அபிப்பிராயம் வைத்துக்கொள்ளாவிட்டாலும், ஊர் நம்மைப் பற்றி ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொள்ளத்தான் செய்யும். இன்று ஹைதராபாத்தில் காலைவேளையில் தள்ளுவண்டி தோறும் இட்லி வெந்துகொண்டிருக்கிறது. திரும்பிப் போகச் சொன்னவர்களின் பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று உண்கிறார்கள்.

ஒரு தொழிற்சாலையின் மூன்று பெட்டிகள்

புதுப் பொருள்களில் இவ்வூராருக்கு உள்ள ஆர்வமும் பழையதே. 1942-இல் தோன்றிய ஹைதராபாத் ஆல்வின் தொழிற்சாலை பேருந்துகளுக்குக் கூடு கட்டியது; குளிர்ப்பெட்டியும் கைக்கடிகாரமும் செய்தது. ‘ஆல்வின்’ என்ற பெயரை நம் வீடுகளிலும் சிலர் நினைவில் வைத்திருப்பர். அந்நிறுவனம் இப்போது இல்லை. இன்று கைப்பேசி வாங்குவோர் ஆபிட்ஸின் ஜகதீஷ் மார்க்கெட்டுக்கும், கணிப்பொறி வாங்குவோர் செகந்திராபாத்தின் செனாய் டிரேட் சென்டருக்கும், மின்னணு உதிரிகள் தேடுவோர் கோட்டியின் குஜராத்திக் கல்லிக்கும் செல்கின்றனர்.

ஆயினும் பிரயாணிகள் அறிய வேண்டிய இடம் நகரின் வடகிழக்கே இருக்கிறது. 1967-இல் விஞ்ஞானி ஏ. எஸ். ராவ் முன்னின்று அமைத்த இந்திய மின்னணுக் கழகம் அது. ஊரார் ‘ஈ.சி.ஐ.எல்.’ என்பர், அதன் அருகே ஒரு குடியிருப்புக்கே ஏ. எஸ். ராவ் நகர் என்று பெயர். 1969-இல் ‘டி.டி.சி. 12’ என்ற கணிப்பொறியை இக்கழகம் செய்தளித்தது. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் துணைக்கோளின் வழியே சுமார் 2400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டிய சோதனைக்கு வேண்டிய பெட்டிகளையும் இதுவே செய்தது. மின்விளக்கையே அபூர்வமாகக் கண்ட கிராமத்தார் சிலர் முதன்முதலாகப் பார்த்த தொலைக்காட்சி ஹைதராபாத்தில் செய்யப்பட்டது.

மூன்றாவது பெட்டிதான் நாம் எல்லோரும் தொட்டது: வாக்குப்பதிவு இயந்திரம். இதன் முதல் மாதிரியை 1979-இல் ஈ.சி.ஐ.எல். உருவாக்கிற்று. பின்பு பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் சேர்ந்தது. அங்கே இயந்திரத்தின் வடிவமைப்பை மேற்பார்வையிட்டவர் எஸ். ரங்கராஜன். தமிழ் வாசகர்களுக்கு அவர் சுஜாதா. 1982 மே 19-ஆம் நாள் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் அது முதலில் வைக்கப்பட்டது. சட்டத்தில் இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தடுத்தது; 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் அந்த இயந்திரமே வாக்கைப் பதிந்தது.

செய்த ஊரிலேயே அதற்கு மறுப்பும் எழுந்தது. ஹைதராபாத் பொறியியலாளர் ஹரி பிரசாத், அயல்நாட்டு அறிஞர்களோடு சேர்ந்து, இயந்திரம் கையில் கிடைத்தால் அதைத் திருத்திவிடலாம் என்று 2010-இல் காட்டினார். காவல் ஏற்பாடுகள் பலமாக இருப்பதால் அது நடவாது என்றது தேர்தல் ஆணையம். சோதித்த இயந்திரம் திருட்டுப் பொருள் என்று வழக்குத் தொடுத்து அவரைக் கைது செய்தனர்; பின்னர் ஜாமீனில் வந்தார். 2013 முதல், வாக்கு யாருக்குப் பதிவாயிற்று என்பதைக் கண்ணாடிக்குள் ஏழு விநாடி காட்டும் காகிதச் சீட்டு படிப்படியாக வந்தது. நம்பிக்கை உடையவர், ஐயம் உடையவர் ஆகிய இருவருக்கும் அச்சீட்டில் பங்குண்டு.

எண்ணப்படாத அபிப்பிராயம்

இனி வருத்தமான செய்திக்கு வருவோம். 2020 அக்டோபரில் பெய்த பேய்மழையில் ஹைதராபாத்தின் பல குடியிருப்புகள் நீரில் மூழ்கின. வடிகாலைப் பற்றியும் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றியும் ஊரெல்லாம் கொதித்துப் பேசிற்று. ஆறேழு வாரங்களில், டிசம்பர் 1-ஆம் நாள், 150 வட்டங்களுக்கு மாநகராட்சித் தேர்தல் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் நடந்த அத்தேர்தலில், இயந்திரம் செய்யும் ஊரில், காகிதச் சீட்டையே பயன்படுத்தினர். வாக்களித்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 46 பேர். தேநீர்க் கடையில் தவறாமல் தீர்ப்புச் சொல்பவர்களில் பாதிப்பேருக்கு மேல் தீர்ப்பு எழுத வரவில்லை.

அதே மாநிலத்தின் நிஜாமாபாத்தில் இதற்கு நேர்மாறான காட்சியைக் கண்டோம். மஞ்சளுக்கு விலையும் தனி வாரியமும் கேட்ட உழவர்கள் 2019 மக்களவைத் தேர்தலில் தாங்களே வேட்பாளர்களாக நின்றார்கள். கட்சி வேட்பாளர்களையும் சேர்த்து மொத்தம் 185 பேர்! ஒவ்வொரு சாவடியிலும் 12 பெட்டிகளை வரிசையாக வைக்க வேண்டியதாயிற்று. பேசுவதோடு நில்லாத அபிப்பிராயம் அது.

தமிழ்க் குடும்பங்களின் நிலை என்ன? செகந்திராபாத்தில் தமிழர் இன்று நேற்று வந்தவரல்லர். 1862-இல் சோமசுந்தர முதலியார் தொடங்கிய பள்ளியே பின்னர் மஹபூப் கல்லூரி ஆயிற்று. 1893 பிப்ரவரியில், அமெரிக்கப் பயணத்துக்கு முன், விவேகானந்தர் சொற்பொழிவாற்றியது அங்கேதான். என் நண்பர் குடியிருக்கும் பத்மாராவ் நகரும் ஒரு முதலியாரின் பெயர் தாங்கியதே. ஊரைக் கட்டியவர்களின் வரிசையில் வந்தவர்கள் நாம்.

நண்பர் தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வீட்டுக் கூடத்தில் இரவு ஒன்பது மணிக்குச் சென்னைத் தொலைக்காட்சியின் விவாதம் ஓடுகிறது. கோட்டையில் யாருக்கு எந்த இலாகா என்று அவர் கூறுவது தவறுவதில்லை. தம் வட்டத்து உறுப்பினரின் பெயர் அவருக்குத் தெரியாது. வாக்குரிமையை ஊரிலேயே வைத்திருக்கிறார். “பூர்வீக வீடு இருக்கிறதே!” என்பது அவர் நியாயம்.

அவ்வீட்டுப் பெண்ணுக்குப் பதினெட்டு வயது நிரம்பிற்று. தெலுங்கில் எழுதப் படிக்கத் தெரிந்தவள். நான் சென்றிருந்த அன்று அவள் தந்தையைக் கேட்டாள்: “அப்பா, நம்ம தெருவிலே தண்ணி நின்னா கும்பகோணத்து எம்.எல்.ஏ. வந்து இறைப்பாரா?”

சட்டமும் அவள் கட்சிதான். 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒருவர் ஒரு தொகுதியில் மட்டுமே வாக்காளராக இருக்கலாம். அது அவர் வழக்கமாக வசிக்கும் இடமாக இருக்க வேண்டும். ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதனால் மட்டும் அங்கே வசிப்பதாகக் கொள்ளப்படாது. புதிதாகப் பெயர் சேர்க்கப் படிவம் 6. இடம் மாறியவர்களுக்குப் படிவம் 8. மகள் தன் படிவத்தை நிரப்பிவிட்டு, மற்றொன்றைத் தந்தையின் மூக்குக்கண்ணாடிக்கு அருகில் வைத்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்தார்.

கடல் கடந்த நம்மவர் இதில் முன்னே செல்கின்றனர். கனடாவில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இன்றும் காகிதச் சீட்டில் பென்சிலால் குறியிட்டுக் கையால் எண்ணுகிறார்கள். அத்தகைய சீட்டுகளால் 2011-ஆம் ஆண்டு டொராண்டோவின் ஸ்கார்பரோப் பகுதியிலிருந்து ராதிகா சிற்சபைஈசன் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்குச் சென்றார். இலங்கையில் பிறந்து குழந்தையாகக் கனடா சென்றவர் அவர். வந்த ஊரைத் தம் ஊராகக் கொண்டு வாக்களித்த தமிழ்க் குடும்பங்கள் இன்றி அது நடந்திராது.

தாய்நாட்டுச் செய்தியை மறக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. சென்னைப் பத்திரிகையோடு, வாழும் ஊரின் பத்திரிகை ஒன்றும் வீட்டுக்கு வரட்டும். அவ்வூர் எழுத்தைப் பிள்ளைகளிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வோம். வட்டத்து உறுப்பினரின் பெயரை அறிந்துகொள்வோம். நம் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கு அழைப்பிதழ் அனுப்பும்போது, அதனோடு படிவம் 8-ஐயும் வைத்து அனுப்பினால் மிக நன்று. ஹைதராபாத் செல்லும் அன்பர்கள் சார்மினாரைப் பார்த்தபின் ஓர் ஈரானிக் கடையில் அமர்ந்து தேநீர் அருந்துக. பக்கத்து மேசைக்காரர் கட்டாயம் ஏதேனும் அபிப்பிராயம் சொல்வார். அவர் சொல்லி முடித்ததும், சென்ற தேர்தலில் வாக்களித்தாரா என்று மட்டும் பணிவாகக் கேட்டுவிட்டு வருக.