'அமெரிக்கர்கள்' என்று தொடங்கும் வாக்கியம்



என்னோடு அலுவலகத்தில் வேலை பார்த்த நண்பரின் மகன் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்குப் போகிறான். "அங்கிள், நீங்க பிரான்சில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தவராச்சே, ஏதாவது சொல்லுங்களேன்" என்று கேட்டான். இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் பயிற்சியில் அவனுக்குச் சொல்லிவிடுவார்கள். பயிற்சியில் சொல்லாத ஒன்றைத்தான் நான் சொன்னேன். ஆங்கில வாத்தியார் அமெரிக்காவையே பார்த்திராதவராக இருக்கலாம். ஆனாலும் வகுப்பில் உள்ள பிள்ளைகளுக்கு அமெரிக்கா மேல் இருக்கும் கோபம் அவர் மேஜைக்குத்தான் வந்து சேரும். ஆங்கிலம் என்றால் அவர்களுக்கு அமெரிக்கா. இங்கிலாந்து கூட இரண்டாம் பட்சம்.

என் கதை உங்களில் பலருக்குத் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1970-இல் எழுத்தராகச் சேர்ந்தபோது பழைய கோப்புகள் பிரெஞ்சில், புதிய கோப்புகள் ஆங்கிலத்தில். தட்டச்சு படித்துக்கொண்டே, குறிப்பு எழுதிக்கொண்டே இருபது வயதுக்கு மேல் ஆங்கிலம் கற்றேன். 2001-இல் விருப்ப ஓய்வு பெற்று, பாரிஸில் இருக்கும் மகளிடம் போனேன். மருமகன் சொல்தா குடும்பம், பிரெஞ்சுக் குடியுரிமை. கார் து நோர் நிலையத்திலிருந்து வடக்கே ரயிலில் போனால் வரும் புறநகரில், அடுக்குமாடிக் குடியிருப்பில் அவர்கள் வீடு. கீழ்த்தளத்தில் ஒரு சங்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுத்தது. பிரெஞ்சு பேசத் தெரிந்த, ஆங்கிலத்தைப் பிரெஞ்சிலிருந்து போய்க் கற்ற ஒருவர் கிடைத்தார் என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர். அல்ஜீரியா, மாலி, போர்ச்சுகல் என்று எல்லா ஊர்ப் பூர்வீகமும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவனும் இருந்தான். எல்லாருக்கும் நான் 'முசியே'. அவனுக்கு மட்டும் 'மாஸ்டர்'.

அது 2003-ஆம் ஆண்டின் தொடக்கம். பிப்ரவரி 14-ஆம் தேதி பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் தொமினிக் து வில்பன் ஐ.நா. பாதுகாப்பு சபையில் ஈராக் போருக்கு எதிராகப் பேச, சபையில் கைதட்டலே எழுந்தது. மார்ச் மாதம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் உணவகத்தில் 'பிரெஞ்சு ஃப்ரைஸ்' என்ற பெயரை 'சுதந்திர ஃப்ரைஸ்' என்று மாற்றினார்கள். உருளைக்கிழங்கு வறுவல் மேல் காட்டிய கோபம் அது. மார்ச் 20-ஆம் தேதி போர் தொடங்கிவிட்டது. இத்தனைக்கும் 2001 செப்டம்பரில், நாம் எல்லாரும் அமெரிக்கர்களே என்று 'லெ மோந்த்' நாளிதழ் முதல் பக்கத்தில் தலையங்கம் எழுதிய நாடு அது. ஒன்றரை வருடத்தில் காற்று அப்படித் திசை மாறிவிட்டது.

வகுப்பில் அந்தக் காற்று வீசாமல் இருக்குமா? பாடப் புத்தகத்தில் நியூயார்க் படம் வந்தால் ஒருவன் உறுமுவான். 'விரும்புகிறேன், விரும்பவில்லை' என்று பயிற்சி வாக்கியம் கேட்டால், "அமெரிக்கர்களை எனக்குப் பிடிக்கவில்லை" என்று ஐந்து நோட்டுகளில் வரும். "அமெரிக்கர்கள் எண்ணெய்க்காகக் கொல்கிறார்கள்", "அமெரிக்கர்கள் முட்டாள்கள்." இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போகலாம்.

இந்த இடத்தில் வாத்தியாருக்குச் சுலபமான வழிகள் இரண்டு. ஒன்று, "இங்கே அரசியல் வேண்டாம்" என்று வாயை அடைப்பது. அடைத்தால் கோபம் போகாது, ஆங்கிலத்தின் மேல் திரும்பும். இன்னொன்று, "நீ சொல்வது சரிதான்" என்று சேர்ந்துகொள்வது. எனக்கும் அந்தப் போர் பிடிக்கவில்லை, ஆகவே இந்த இரண்டாவது வழி என்னை நன்றாகவே இழுத்தது. ஆனால் வாத்தியாரும் சேர்ந்துகொண்டால், மாறாக நினைக்கும் பிள்ளை பிறகு வாயே திறக்காது.

எனக்குக் கைகொடுத்தது இலக்கணம்தான். பிரெஞ்சில் 'லெஸ் அமெரிக்கேன்' என்றுதான் எழுத முடியும். அந்த 'லெ' இல்லாமல் வாக்கியம் நிற்காது. எல்லா அமெரிக்கர்களும் என்றாலும் அதே 'லெ', நேற்று வந்த நான்கு அமெரிக்கர்கள் என்றாலும் அதே 'லெ'. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'தி' போட்டால் ஒரு பொருள், போடாவிட்டால் இன்னொன்று. அதோடு எல்லாரும், பெரும்பாலோர், பலர், சிலர் என்று முன்னால் போடத் தனித்தனிச் சொற்கள் உண்டு. ஆகவே, "நீ சொல்வதை நான் மறுக்கவில்லை. பிரெஞ்சில் ஒளித்துவைத்ததை ஆங்கிலத்தில் வெளியே எடுத்து எழுது. எல்லாரா, சிலரா, அரசாங்கமா, சிப்பாய்களா? எழுவாயை முடி" என்பேன்.

அலுவலகத்தில் முப்பது வருடம் மனுக்களைப் பார்த்தவன் நான். "இந்த ஆபீசில் எல்லாரும் லஞ்சம் வாங்குகிறார்கள்" என்று ஒரு மனு வரும். கோப்பில் சேர்த்துக் கட்டிவைப்போம், யாருக்கும் ஒன்றும் ஆகாது. "இன்ன தேதி, இன்ன பிரிவு, இன்ன மேஜையில் இவ்வளவு கேட்டார்" என்று எழுதிய மனு வந்தால் மேஜைக்கு மேஜை வியர்க்கும். எல்லாரையும் குற்றவாளி என்று சொன்னால், குற்றம் செய்தவன் அந்தக் கூட்டத்தில் சௌகரியமாக ஒளிந்துகொள்வான். இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சிரித்தார்கள், ஆனால் பிடித்துக்கொண்டார்கள்.

ஒரு சனிக்கிழமை கரும்பலகையில் இரண்டு எண்கள் எழுதினேன்: 133, 23. 2002 அக்டோபரில் போருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 296-க்கு 133 என்றும், செனட்டில் 77-க்கு 23 என்றும் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர்களும் அமெரிக்கர்கள்தானே? பிப்ரவரி 15-ஆம் தேதி பாரிஸில் ஊர்வலம் போன அதே நாளில் நியூயார்க்கிலும் பெருங்கூட்டம் கூடியது. "அவர்களை எந்த வாக்கியத்தில் வைக்கப் போகிறீர்கள்?" என்று கேட்டேன்.

இதெல்லாம் அமெரிக்கர் யாரும் அறையில் இல்லாத வரையில். அந்த ஊர் லிசேயில் உரையாடல் பயிற்சிக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கப் பெண், இருபத்திரண்டு வயது இருக்கும், சில சனிக்கிழமைகளில் எங்களுக்கும் உதவ வந்தாள். போர் தொடங்கிய அந்த வாரமும் வந்தாள். அல்ஜீரியப் பையன் ஒருவன், வகுப்பில் கெட்டிக்காரன், அவள் முகத்துக்கு நேராகவே சொன்னான்: "செப்டம்பர் 11 உங்களுக்கு நன்றாக வேண்டும்."

அறை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. நான் அவனை வெளியே அனுப்பவில்லை. அவளைப் பதில் சொல்லச் சொல்லவும் இல்லை. ஒரு நாட்டுக்கே தூதராக நிற்கவேண்டிய கட்டாயம் அவளுக்கு எதற்கு? "'உங்களுக்கு' என்றால் யாருக்கு? எழுவாயை முடி" என்றேன். அவன் பேசவில்லை. நானே சொன்னேன். வடக்குக் கோபுரத்தின் உச்சியில் ஓர் உணவகம் இருந்தது. அன்று காலை அங்கே வேலைக்கு வந்திருந்த சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள் என்று 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பலர் வேறு நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். "இவர்களுக்கா நன்றாக வேண்டும்?" என்றேன். அவன் அம்மா விடியற்காலையில் எழுந்து லா தெஃபான்ஸ் கோபுரங்களில் தரை துடைக்கப் போகிறவர். அதை நான் வாயால் சொல்லவில்லை. அவனுக்கே தெரியும்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கேட்ட கேள்வி இன்றும் என் காதில் இருக்கிறது. "சரி முசியே. எங்களைப் பற்றி எல்லாரும் 'லெஸ் அராப்', அரபுக்காரர்கள், என்று ஒரே வார்த்தையில் சொல்கிறார்களே. தொலைக்காட்சியில் சொல்கிறார்கள், போலீஸ்காரர் சொல்கிறார். அவர்களுக்கு யார் இந்த இலக்கணம் சொல்லிக்கொடுப்பது?"

முந்தின வருடம் ஏப்ரலில்தான் லெ பென் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்கு வந்திருந்தார். அந்தப் பையன் எந்தக் காற்றைச் சுவாசித்து வளர்ந்தான் என்று எனக்குத் தெரியும். "அவர்களுக்கு இங்கே வகுப்பு இல்லை, உனக்கு இருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். அது முழுப் பதில் ஆகாது. அவனும் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் தன்னைக் காயப்படுத்தும் வார்த்தையும் தான் வீசிய வார்த்தையும் ஒரே அச்சில் வார்த்தவை என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். அதை நான் சொல்லியிருந்தால் காதில் ஏறியிருக்காது.

அந்தப் பெண் பிறகு தானாகவே பேசினாள். அவள் அம்மா நியூயார்க் ஊர்வலத்தில் நடந்தவராம். அண்ணன், கல்லூரிச் செலவுக்கு வழியில்லாமல் ராணுவத்தில் சேர்ந்தவன், அப்போது குவைத்தில் இருந்தானாம். "எங்கள் வீட்டிலேயே இதைப் பற்றிப் பேசினால் சண்டைதான்" என்றாள். மெதுவான ஆங்கிலம். பன்னிரண்டு பேரும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார்கள். அவ்வளவு கவனமாக அவர்கள் ஆங்கிலம் கேட்டு நான் பார்த்ததில்லை.

வகுப்பு கலைந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பையன் நின்றான். "மாஸ்டர், எங்கட அப்பா 'சிங்களவன்' எண்டுதான் சொல்லுறவர். எங்கட வீட்டை ஆமி எரிச்சது. அதையும் இப்பிடிப் பிரிச்சு எழுதோணுமோ?"

நண்பர்களே, அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. நம் தமிழ் பிரெஞ்சைவிட ஒரு படி மேல். 'அமெரிக்காக்காரன்', 'வெள்ளைக்காரன்', 'சிங்களவன்' என்று கோடிப் பேரை ஒருமையில் ஓர் ஆளாகவே ஆக்கிவிடும். வீடு எரிந்தவரிடம் போய் ஒருமை பன்மை பேச நான் யார்? "தம்பி, அப்பாவைத் திருத்தாதே. அவர் பட்டது அவருக்கு. அவர் சொல்வதைக் கேள். நீ எழுதும்போது மட்டும் யார் எரித்தார்கள் என்று பார்த்து எழுது. 'ஆமி எரிச்சது' என்று நீயே இப்போது சரியாகத்தான் சொன்னாய்" என்றேன். தலையாட்டிவிட்டுப் போனான்.

நமக்கும் இந்தக் கோபம் புதிதா என்ன? 1971 டிசம்பரில் அமெரிக்காவின் 'என்டர்பிரைஸ்' போர்க்கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அலுவலகம் முழுக்க அதே பேச்சு. ரேஷன் கடையில் அமெரிக்கக் கோதுமை வாங்கித் தின்ற வாயாலேயே அமெரிக்காவைத் திட்டித் தீர்த்தோம். டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட் அதே 1971 ஏப்ரலில் தன் அரசின் கொள்கையைக் கண்டித்துத் தந்தி அனுப்பியதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அவரோடு இருபது அதிகாரிகள் கையெழுத்துப் போட்டிருந்தார்களாம். பிளட் அங்கிருந்து மாற்றப்பட்டார். மேலிடத்து முடிவுக்கு எதிராகக் கோப்பில் குறிப்பு எழுதுவது என்றால் என்னவென்று ஓர் எழுத்தருக்குத் தெரியும். அன்று நாங்கள் 'அமெரிக்காக்காரன்' என்று திட்டிய அந்த ஓர் ஆளுக்குள் இவரும் இருந்தார். வறுவலுக்குப் பெயர் மாற்றப் பாடுபட்டவர்களில் ஒருவரான வால்டர் ஜோன்ஸ் கூடப் பின்னாளில் அந்தப் போரை ஆதரித்ததற்காக வருந்தி, மாண்ட வீரர்களின் குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்.

நண்பர் மகனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். அதட்டாதே. ஒத்து ஊதாதே. அறையில் அந்த நாட்டவர் இருந்தால் அவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றாதே. பிள்ளையின் கோபத்தைப் பிடுங்கிக்கொள்ளாமல், அதற்குச் சரியான முகவரி எழுதக் கற்றுக்கொடு. அதுவும் மொழிப்பாடம்தான்.

ஏப்ரல் கடைசியில் அந்தப் பெண் ஊருக்குத் திரும்பினாள். அதற்கு முந்தின சனிக்கிழமை அல்ஜீரியப் பையன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆங்கிலத்தில் எழுதியிருந்ததன் சாரம் இது: "சில அமெரிக்கர்கள் இந்தப் போரை விரும்பினார்கள். 296-ம் 77-ம் சேர்த்தால் 373. ஜனாதிபதியோடு 374. இந்த 374 பேர் மேலும் எனக்குக் கோபம். மற்றவர்களைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன்."

ஒரு வினைச்சொல்லின் காலம் மட்டும் தவறாக இருந்தது. அதைத் திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.