வேர்க்காத ஊரில் ஓடுவது

சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குக் குடிவந்தவர்கள் ஏப்ரல் மாதத்தில் தவறாமல் சொல்வது: "வெயில் கொளுத்துது, ஆனா வேர்க்கவே மாட்டேங்குது." விடியற்காலையில் ஓடப் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். மெரினாவில் கொஞ்ச தூரம் ஓடினாலே பனியனைப் பிழியலாம். இங்கே நெக்லஸ் ரோட்டில் ஹுசைன் சாகர் ஓரமாகப் பத்து கிலோமீட்டர் ஓடினாலும் முதுகில் ஒரு திட்டு ஈரம், அவ்வளவுதான். போட்டிருந்த கறுப்பு டி-ஷர்ட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, குளித்து வந்து பாருங்கள். நெஞ்சிலும் அக்குளுக்குக் கீழேயும் வெள்ளை வெள்ளையாக வளைந்த கோடுகள் இருக்கும். நகத்தால் சுரண்டினால் உதிரும். குளிப்பதற்கு முன் புருவத்தைத் தடவினால் விரலில் நறநறக்கும். எல்லாம் உப்பு. வேர்த்திருக்கிறது, நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

கடல்மட்டத்துக்கு 500 மீட்டருக்கும் மேலே, தக்காணப் பாறைகளின்மீது இருக்கிற ஊர் இது. கோடைக் காற்றில் ஈரம் மிகவும் குறைவு. வியர்வை தோலில் நிற்பதற்குள் ஆவியாகிவிடுகிறது. உடம்புக்கு அது நல்லதுதான், ஏனென்றால் வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும்; சொட்டிக் கீழே விழுகிற வியர்வையால் பயன் குறைவு. ஆனால் எவ்வளவு நீர் போனது என்பதைச் சென்னையில் சட்டையே சொல்லிவிடும். இங்கே சொல்ல ஆளில்லை.

ஐந்து கிலோமீட்டர் வரை இதனால் பெரிய தொந்தரவு வராது. அரைமணி நேரத்தில் முடிந்துவிடும், வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும். ஓட்டம் ஒரு மணி நேரத்தைத் தாண்டத் தொடங்கும்போதுதான் ஒரு தலைவலி எட்டிப்பார்க்கிறது. ஓடும்போது வராது. குளித்து, டிபன் சாப்பிட்டு, பேப்பரை விரித்து உட்காரும்போது இரண்டு பொட்டிலும் மெல்லத் தட்டும். மத்தியானத்துக்குள் தலை முழுக்கப் பரவிவிடும். எனக்கும் நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு இது வந்திருக்கிறது. கே.பி.ஆர். பூங்காவைச் சுற்றி ஓடுகிற புதியவர்களிடம் கேட்டால், பாதிப்பேர் "ஆமா, எனக்கும்" என்பார்கள். தூக்கம் போதவில்லை, தலையில் வெயில் பட்டுவிட்டது, காபி குடிக்க நேரமாகிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எதையும் தள்ளிவிட முடியாது. தினமும் ஐந்தரைக்குக் காபி குடித்துப் பழகிய உடம்பு அது எட்டரைக்குத் தள்ளிப்போனால் தலைவலியாகத்தான் பதில் சொல்லும். வெறும் வயிற்றில் ஓடினாலும் வரும். ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்க் கணக்கைத்தான்.

மூளைக்குத் தனியாக வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கிற சவ்வுக்குத் தெரியும். உடம்பில் நீர் குறையும்போது அந்தச் சவ்வு இழுபட்டு வலிக்கிறது என்று மருத்துவர்கள் விளக்குகிறார்கள். அப்படியானால் நிறையக் குடித்துவிட்டால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் சரிந்து விழுந்து, பிறகு இறந்துபோனார். தண்ணீர் குறைந்து அல்ல, மிகுதியாகக் குடித்து ரத்தத்தில் சோடியம் சரிந்ததால். அதே ஓட்டத்தில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டம் தொடங்கியபோது இருந்ததைவிட முடிக்கும்போது எடை கூடியிருந்தவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். ஓடி எடை கூடுவதா என்று கேட்காதீர்கள். வேர்த்ததைவிட அதிகமாகக் குடித்தால் கூடத்தான் செய்யும். சோடியம் சரிந்தால் மூளை வீங்கும். அதன் முதல் அடையாளங்களும் தலைவலி, குமட்டல்தான்.

நீர் குறைந்தாலும் தலைவலி, மிஞ்சினாலும் தலைவலி. வலியை வைத்து எது என்று கண்டுபிடிக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் முடிந்து தலை வலித்தவுடன் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு லிட்டர் குடிப்பது மருந்தாகாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். வலிநிவாரணி மாத்திரை அதைவிட மோசம். நீர் வற்றிய உடம்பில் இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். ஓடுவதற்கு முன்பே "வலி வராம இருக்கட்டும்" என்று ஒன்றைப் போட்டுக்கொள்கிற பழக்கத்தை யாரிடம் கண்டாலும் தடுக்க வேண்டும்.

கணக்குப் பார்க்க எடை மிஷின் ஒன்று போதும். ஓடப்போகும் முன் சிறுநீர் கழித்துவிட்டு ஏறி நில்லுங்கள். வந்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் 900 கிராம் குறைந்திருக்கிறது, வழியில் 300 மில்லி குடித்தீர்கள் என்றால், உங்களுக்கு மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் லிட்டர் வேர்க்கிறது. அதை முழுவதும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது விளையாட்டு மருத்துவர்களின் பொதுவான அளவுகோல். 65 கிலோ ஆளுக்கு 1.3 கிலோ. தாகம் எடுக்கும்போது குடியுங்கள், மிச்சத்தை வீட்டுக்கு வந்து சாப்பாட்டோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அன்று மத்தியானம் சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரி.

உப்பு விஷயத்தில் ஹைதராபாத்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். கோடையில் தெருமுனைகளில் வைக்கிற சலிவேந்திரம் என்கிற தண்ணீர்ப் பந்தல்களில் பானைத் தண்ணீரும் சில இடங்களில் மோரும் கிடைக்கும். ஒரு மணி நேரம் ஓடி வந்தவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளரும் இட்லி சாம்பாரும் தாராளம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. ஒரு சிட்டிகை உப்புச் சேர்க்கலாம். ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஓடுகிற நாட்களில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் உதவும். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் காலராவுக்குக் கொடுத்துக் கணக்கற்ற உயிர்களை மீட்ட அதே வகை உப்பு சர்க்கரைக் கரைசல்தான். ஆனால் பல வருடங்களாக, சர்க்கரை மிகுந்த பழச்சாறு பானங்கள் அந்தப் பெயரை ஒட்டிக்கொண்டு மருந்துக்கடைகளில் விற்றுக்கொண்டிருந்தன. அதை எதிர்த்து வருடக்கணக்கில் போராடியவர் ஹைதராபாத்தின் குழந்தைகள் மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களுக்கு ஓ.ஆர்.எஸ். என்ற பெயர் கூடாது என்று உத்தரவிட்டது. குழந்தைகளுக்காக அவர் நடத்திய போராட்டம்தான், ஆனாலும் ஓடுகிறவர்களுக்கும் அதில் பாதுகாப்பு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு. பொட்டலத்தின் பின்பக்கம் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும்.

கோடையில் போட்ட கணக்கு ஆகஸ்டில் உதவாது. ஹைதராபாத் மாரத்தான் அந்த மாதம்தான் நடக்கிறது. நெக்லஸ் ரோட்டில் பீப்பிள்ஸ் பிளாசாவில் தொடங்கி, மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்கி கச்சிபௌலி மைதானம் வரை. மழைக்காலக் காற்றில் ஈரம் தேங்கி நிற்கும், சென்னை மாதிரியே சொட்டச் சொட்ட வேர்க்கும். ஜூலையில் மறுபடி எடை மிஷினில் ஏறிப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். மெதுவாக ஓடுகிற புதியவர்கள்தான் தண்ணீர் மேசைகளில் அதிகம் நின்று குடிப்பார்கள். பாஸ்டன் ஆய்விலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கே ஆபத்து கூடுதலாக இருந்தது. ஓட்டம் முடிந்து யாராவது கடுமையான தலைவலியோடு வாந்தியெடுத்து, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசினால், பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றாதீர்கள். கைத்தாங்கலாக மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய், எவ்வளவு குடித்தார் என்பதை முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள்.