தஞ்சாவூரில் ஒரு தனிக்கடை

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. போன வருடம் இந்தத் தேதியில் திறக்கவில்லை, ஜூலைக் கடைசி ஆகிவிட்டது. பம்புசெட் வைத்திருந்தவர்கள்தான் தைரியமாகக் குறுவை நட்டார்கள்.

சென்னை வேலையை விட்டுவிட்டு, மருத்துவக் கல்லூரி சாலை வீட்டு மாடியில் மேசை போட்டிருக்கிறேன். மென்பொருள் ஆலோசனை, தனி ஆள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: "ஸ்ரீதர் வேம்பு மாதிரி வரப்போறியா?" அவர் தஞ்சை மாவட்டத்துக்காரர். 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கியதுதான் பின்னால் ஜோஹோ ஆயிற்று. 2019-இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக்கே குடிபோனார். பெருமைதான். ஆனால் அவர் ஒருமுறை எழுதியதைப் பல்லாயிரம் பேருக்கு விற்கிறார். நான் விற்பது என் நேரத்தை. பெரிய முதல் தேவையில்லை. காய்ச்சலில் படுத்தால் வருமானமும் கூடவே படுத்துவிடும்.

ஜூலை 7, திங்கள்

ஆடிட்டரைப் பார்த்தேன். 44ஏடிஏ பிரிவில் ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், அதில் பாதியை வருமானமாகக் காட்டி வரி கட்டினால் போதும். ஜிஎஸ்டி 20 லட்சத்தைத் தாண்டினால்தான். "அதெல்லாம் வரட்டும் சார், முதல்ல என் பீஸ்" என்றார். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவை நானே போட்டேன். அதற்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் போலவே வேஷம் கட்டிக்கொண்டு காசு வாங்குகிற தளங்கள் நிறைய.

மேலவஸ்தாசாவடி மினி டைடல் பார்க்கில் இடம் எடுக்கச் சொல்கிறான் நண்பன். போன செப்டம்பரில் திறந்தது, நல்ல கட்டடம். எனக்கு வேண்டாம். மாத வாடகை என்று ஒன்று வந்துவிட்டால், வருகிற வேலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

இதுவரை வந்த வேலை எல்லாம் பழைய கம்பெனி கொடுத்தது. அதே மேனேஜர், அதே திங்கட்கிழமை மீட்டிங். பி.எப். மட்டும் இல்லை. இதைத் தொழில் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது. மேட்டூரை மட்டும் நம்பிய வயல்தான் இது. உள்ளூரில் ஒரு போர் போட்டாக வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழன்

பாபநாசம் பக்கம் ஓர் அரிசி ஆலை. முதலாளி கேட்டார்: "டேலி இருக்கே தம்பி, நீங்க புதுசா என்ன செய்யப்போறீங்க?" பதில் சொல்லாமல் எடைமேடை ஓரம் உட்கார்ந்து பார்த்தேன். நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரவை செய்து தருபவர். கழக நெல் 100 கிலோவுக்குப் புழுங்கலரிசி 68 கிலோ திருப்பித் தர வேண்டும், பச்சரிசி என்றால் 67. குறைந்தால் அவர் தலையில். ஆனால் எடைச் சீட்டு ஒரு நோட்டில், அரவைக் கணக்கு இன்னொன்றில், தவிடு விற்ற கணக்கு மேஸ்திரியின் சட்டைப்பையில். எந்த லோடில் குறைந்தது என்பது மாதக் கடைசியில்தான் தெரியவருகிறது.

"அன்னன்னிக்கே லோடு வாரியாத் தெரிஞ்சா?" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மணிக்கு இவ்வளவு என்றால் இங்கே எடுபடாது. மொத்தத் தொகை சொல்லி, மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்டேன். "மெஷின்காரனே ஓட்டிக் காட்டிட்டுத்தான் காசு கேப்பான்." நியாயம். ஒரு வாரம் ஓட்டிக் காட்டியதும் முதல் பங்கு என்று முடிவாயிற்று. தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினேன். முகம் சுளித்தாலும் போட்டார்.

அக்டோபர் 24, வெள்ளி

விடாத மழை. கொள்முதல் நிலையங்களில் நெல் நனைகிறது. ஈரப்பத வரம்பு 17 சதவீதம். அதை 22 ஆக்கச் சொல்லி மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டிருக்கிறது. சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய் என்பதெல்லாம் காய்ந்த நெல்லுக்குத்தான். ஆலை முதலாளி போனை எடுக்கவில்லை. இந்த நேரத்தில் எடுப்பாரா? அவர் கேட்காமலே லோடு பட்டியலில் ஈரப்பதத்துக்கு ஒரு கட்டம் சேர்த்தேன், காசில்லாமல். அடுத்த மாற்றத்துக்குக் கட்டாயம் வாங்குவேன்.

பணத்தை இழுத்தடிப்பது விவசாயப் பூமி அல்ல, பெருநகரம்தான். பழைய கம்பெனி ஆகஸ்ட் பில்லை இன்னும் தீர்க்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. வருமான வரிச் சட்டம் 43பி(எச்) வேறு இருக்கிறது: குறித்த நாளுக்குள் தராத தொகையை, கொடுத்து முடிக்கும்வரை அவர்கள் செலவாகக் கழிக்க முடியாது. உத்யம் எண்ணைக் குறித்து, பிரிவைச் சுட்டி, மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

சென்னைப் பணம் வந்துவிட்டது, வட்டியில்லாமல். நானும் கேட்கவில்லை. ஆலையில் இரண்டாம் பங்கும் வந்தது. மீதி பொங்கலுக்குப் பிறகாம். மன்னார்குடியில் அவர் மைத்துனர் ஆலையையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பக்கம் தனியாகத் தொடங்குகிறவர்கள் உத்யம் எண்ணை முதல் பில்லிலேயே போட்டுவிடுங்கள்.