எதைக் கற்பது, எதுவரை?

கணினி கற்க வேண்டும், செயற்கை நுண்ணறிவு கற்க வேண்டும் என்னும் பேச்சு இன்று நம் வீடுகளில் எழாத நாளில்லை. பெருநாள் விருந்துக்குக் கூடினாலும், நிக்காஹ் வீட்டில் சந்தித்தாலும், பிள்ளைகளைப் பார்த்துப் பெரியவர்கள் கேட்கும் முதற் கேள்வி இதுவாகவே இருக்கிறது. கேட்பது நன்றே. ஆயினும் எதைக் கற்பது, எதுவரை கற்பது, கற்றுவிட்டோம் என்பதை எதைக்கொண்டு அறிவது என்பதை யாரும் சொல்வதில்லை. இறங்கும் ஊரின் பெயரைச் சொல்லாமல் பயணச்சீட்டுக் கேட்பது போன்றது இது.

முப்பத்தெட்டு ஆண்டுகள் கடைக் கணக்கும் பேரேடுமாக வாழ்ந்து ஓய்வு பெற்ற நான், அறுபத்தொன்றாம் வயதில் நிரல் எழுதக் கற்கத் தொடங்கினேன். ‘இந்த வயதில் எதற்கு?’ என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் விடை கூறவில்லை. ஒரு நோட்டின் முதற் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி வைத்தேன். “ரஜபில் தொடங்கி துல்ஹஜ் முடிவதற்குள், வாப்பாவின் ஏட்டிலுள்ள முப்பத்தொரு பாகப்பிரிவினைக் கணக்குகளுக்கும் பிசகின்றி விடை தரும் நிரலை, ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவனாக, என் கையால் எழுதுவேன்.” இவ்வளவே என் இலக்கு. 2024 சனவரியில் எழுதியது.

இந்த வாக்கியம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒருவர் நடுவயதில் மவுத்தானார். மனைவி, இரண்டு பெண் மக்கள், வயது முதிர்ந்த தாய், தந்தை ஆகியோர் வாரிசுகள். கடனும் அடக்கச் செலவும் கழித்து, வீடும் பணமுமாக 54 இலட்சம் மிஞ்சியது. மனைவிக்கு எட்டில் ஒன்று, பெண் மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒவ்வொன்று. இருபத்து நான்கைப் பொதுப் பகுதியாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். மூன்று, பதினாறு, நான்கு, நான்கு; மொத்தம் இருபத்தேழு வரும். இருபத்து நான்கு பங்குள்ள சொத்தில் இருபத்தேழு பங்கு எப்படிக் கொடுப்பது?

உறவுக்காரப் பிள்ளை ஒருவர் கைப்பேசியில் உரையாடும் நிரல் ஒன்றிடம் கேட்டு, அது தந்த விடையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்தார். மனைவிக்கும் பெற்றோருக்கும் முழுப் பங்கு கொடுத்துவிட்டு, எஞ்சியதைப் பெண் மக்களுக்கு என்று அதில் இருந்தது. அதன்படி அந்த இரு சிறுமியருக்கும் கிடைப்பது 29 இலட்சத்து 25 ஆயிரம். நம் ஊர்ப்பக்கத்து ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளின்படி செய்ய வேண்டியதோ ‘அவ்ல்’. அதாவது, பகுதியையே இருபத்தேழாக உயர்த்தி, எல்லார் பங்கையும் ஒரே விகிதத்தில் குறைப்பது. அவ்வாறு செய்தால் மனைவிக்கு 6 இலட்சம், பெற்றோருக்கு எட்டு எட்டு இலட்சம், பெண் மக்களுக்கு 32 இலட்சம். இரண்டுக்கும் இடையே வேற்றுமை இரண்டே முக்கால் இலட்சம். அதுவும் தந்தையை இழந்த பிள்ளைகளின் பங்கில். ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் மிம்பரில் நின்ற நிலையிலேயே இந்தக் கணக்குக்கு விடை சொன்னார்கள் என்று வழங்கி வருவதால், ஃபராயிள் நூல்களில் இதற்கு ‘மிம்பரிய்யா’ என்றே பெயர். அத்துணை பழைய, அத்துணை அறியப்பட்ட கணக்கு இது.

தாளில் இருந்தது வெறும் பிதற்றலும் அன்று என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. அவ்லை ஏற்காமல், குறைவைப் பெண் மக்கள் மீது சுமத்தும் முறை ஜஅஃபரி சட்டப்பள்ளியில் உண்டு. இயந்திரம் அதை எங்கோ படித்திருக்கலாம். ஆனால் கேட்பவர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவர் என்று அது கேட்கவுமில்லை. எதன்படி சொல்கிறது என்று கூறவுமில்லை. பள்ளிவாசல் இமாம் முன்னிலையில் காகிதத்தில் போட்டுக் காட்டினோம். பங்கு சரியாகவே பிரிந்தது. ஆனால் அடுத்த தாள் எந்த வீட்டுக்கு வரும், அங்கே கணக்குத் தெரிந்தவர் யார் இருப்பார் என்னும் கவலை எனக்குள் தங்கிவிட்டது. கற்க வேண்டும் என்று தோன்றியது அன்றுதான்.

நிரலாக்கத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் என்ன உறவு என்று சிலர் எண்ணக்கூடும். கணினித் துறையார் நாள்தோறும் சொல்லும் ‘அல்காரிதம்’ என்ற சொல், கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூசா அல்-குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து பிறந்தது. ‘அல்ஜீப்ரா’ என்ற பெயரோ, ஏறத்தாழ 820ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலின் தலைப்பிலுள்ள ‘அல்ஜப்ர்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. இதைப் பெருமையாகப் பேசி அமைந்துவிடுபவர் பலர். அந்த நூலின் பெரும் பகுதி வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கையும் பற்றிய கணக்குகளே என்பதைச் சொல்வோர் குறைவு. வாரிசுரிமை, வாணிகம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்கு நேரும் தேவைக்காகவே எழுதுவதாக முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். அவரும் ஒரு தேவையை முன்வைத்தே கணக்கைக் கட்டினார் என்பது எனக்குத் துணிவு தந்தது.

பஜ்ருக்குப் பின் நாற்பது நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். மொழி, பைத்தான். 1991இல் வெளிவந்த இது, தொடக்கக்காரருக்கு எளிது என்பார்கள், எளிதுதான். முதல் வாரத்திலேயே அது எனக்கு ஒரு வியப்பைக் காட்டியது. பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டச் சொன்னால், அது 0.3 என்று தராமல் 0.30000000000000004 என்று தருகிறது! காசு பிசகினால் இரவெல்லாம் உட்கார்ந்து தேடிய கணக்கனுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காரணம் எளியது. நம் பத்தடுக்கு எண்முறையில் மூன்றில் ஒன்று 0.333 என்று முடிவின்றி நீளுவது போல, கணினியின் ஈரடுக்கு முறையில் பத்தில் ஒன்று முடிவின்றி நீளும். எங்கோ வெட்டித்தான் ஆக வேண்டும். ஃபராயிளில் வெட்டுவதற்கு இடமில்லை. பைத்தானிலேயே பின்னங்களைத் தொகுதி, பகுதி என இரு முழு எண்களாகவே வைத்துக்கொள்ளும் கருவி ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்து, மீச்சிறு பொது மடங்கை மறுபடி பள்ளிப் பிள்ளையைப் போலப் போட்டுப் பார்த்து, பின்னத்தோடு பின்னம் பிசகின்றிக் கூடுவதைக் கண்ட காலைப்பொழுது இனிமையானது. இலக்கு ‘பைத்தான் கற்பது’ என்று இருந்திருந்தால், இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அப்பால் போயிருப்பேன்.

என் வாப்பா மதரஸாவில் ஓதிக்கொடுத்தவர்கள். ஊரில் மவுத்தான வீட்டார் பங்கு கேட்டு அவர்களிடம் வருவார்கள். 1958 முதல் 1979 வரை போட்ட கணக்குகளை நீண்ட ஏடு ஒன்றில் அரபுத் தமிழில் எழுதி வைத்திருந்தார்கள். அந்த முப்பத்தொன்றுதான் எனக்குச் சோதனைத் தாள். நிரல் எழுதுவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: நிரலை எழுதுவதைவிட, அது சரியா என்று காட்டும் சோதனைகளைத் தேர்வதே அரிது. எளிய கணக்குகள் எதையும் காட்டிக்கொடுக்கமாட்டா. மனைவி, தாய், ஒரு மகன், இரு மகள்கள் என்றால் எந்த நிரலும் சரியாகச் சொல்லும். கணவன், தாய், தந்தை என்னும் மூவர் வரட்டும். கணவனுக்குப் பாதி, பிள்ளை இல்லாததால் தாய்க்கு மூன்றில் ஒன்று என்று விதியை அப்படியே எழுதினால், தந்தைக்கு ஆறில் ஒன்றே எஞ்சும். உமர் (ரலி) அவர்களின் தீர்ப்புப்படியோ, கணவன் பங்கு போக எஞ்சியதில்தான் தாய்க்கு மூன்றில் ஒன்று. ஆக அவருக்கு ஆறில் ஒன்று, தந்தைக்கு மூன்றில் ஒன்று. ‘உமரிய்யத்தான்’ என்னும் இவ்விரு நிலைகளில் இது ஒன்று; கணவனுக்குப் பதில் மனைவி இருப்பது மற்றொன்று. இரண்டும் வாப்பாவின் ஏட்டில் இருந்தன.

இடையில் என் தம்பி மகள் விடுமுறைக்கு வந்தாள், பொறியியல் முதலாண்டு. அவளும் ஓர் இலக்குப் பட்டியல் வைத்திருந்தாள். ஆறு மாதத்தில் இயந்திரக் கற்றல், ஆழ்கற்றல், மொழி மாதிரிகள், மூன்று சான்றிதழ்கள். (சான்றிதழைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சட்டமிட்டு மாட்டச் சுவர் இருக்கும்வரை அவை வந்துகொண்டே இருக்கும்.) என் நிரலைப் பார்த்துச் சிரித்தாள். “பெரியவாப்பா, நீங்கள் நான்கு மாதமாக எழுதுவதை இயந்திரம் இரண்டு நிமிடத்தில் எழுதித் தருமே! நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?” என்றாள்.

“கேளம்மா, எழுதித் தரட்டும்,” என்றேன்.

கேட்டாள். உண்மையாகவே இரண்டு நிமிடத்தில் அழகான நிரல் வந்தது; என்னுடையதைவிட ஒழுங்கானது. வாப்பாவின் ஏட்டைக் கொடுத்தேன். முப்பத்தொன்றில் இருபத்தேழு சரி. தவறிய நான்கில் இரண்டு உமரிய்யத்தான். அவள் முகத்தில் சிரிப்பு அடங்கிவிட்டது. “இந்த ஏடு இல்லையென்றால் நான் இதைச் சரி என்றே நம்பியிருப்பேன், பெரியவாப்பா,” என்றாள். அன்று மாலை அவள் தன் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, கல்லூரி விடுதியின் உணவுக் கணக்கை மாணவியரிடையே பங்கிடும் நிரலை எடுத்துக்கொண்டாள். இயந்திரத்திடம் கேட்கலாம், ஆனால் கேட்பதற்கு முன் விடை தெரிந்த பத்துக் கணக்குகளைத் தன் கையால் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவளே விதித்துக்கொண்ட நிபந்தனை. இயந்திரம் எழுதும் காலத்தில் கற்பவருக்கு உரிய இலக்கு இதுதான் என்று நான் கருதுகிறேன். எழுதும் வேகத்தில் இயந்திரத்தோடு போட்டியிட வேண்டியதில்லை. அது எழுதியதை ஏற்பதா, தள்ளுவதா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் பொருளை அறிந்திருக்க வேண்டும்.

என் நிரல் துல்ஹஜில் முடியவில்லை. ரபீவுல் அவ்வலில் முடிந்தது. பாட்டனாரும் உடன்பிறந்தாரும் சேர்ந்து வாரிசாகும் நிலையில், இமாம் அபூஹனீஃபா பாட்டனாரையே முன்னிறுத்தி உடன்பிறந்தாரை விலக்குகிறார்கள். இமாம் ஷாஃபியோ இரு தரப்புக்கும் பங்கு கொடுக்கிறார்கள். அந்த இடத்தில் என் நிரல் விடை சொல்லாது. ‘ஆலிமிடம் கேட்கவும்’ என்று எழுதிவிட்டு நின்றுவிடும். அந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் இரண்டு வாரம் பிடித்தது.

அதன்பின் நோட்டில் இரண்டாவது வாக்கியம் எழுதினேன். அந்தத் தாளிலிருந்த விடையை இயந்திரம் ஏன் அத்தனை உறுதியோடு சொன்னது என்று அறிவதே அது. இதற்கும் ஒரு பொருளும் ஒரு சோதனையும் வேண்டுமே. கையெழுத்து இலக்கங்களின் படத்தொகுப்பு ஒன்று உலகெங்கும் மாணவர்க்குப் பழக்கம். எம்னிஸ்ட் என்பது பெயர். அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலர்களும் பள்ளி மாணவர்களும் எழுதிய இலக்கங்கள் அவை. கற்பிக்க 60,000 படம், சோதிக்க 10,000. ஒவ்வொன்றும் 28க்கு 28 புள்ளி. ஆயத்தமான வலையைக் கடன் வாங்காமல், எண் வரிசைகளைப் பெருக்கும் கருவியை மட்டும் கொண்டு ஒரு சிறு நரம்பு வலையை நானே கட்டுவது என்று வைத்துக்கொண்டேன்.

கட்டிப் பார்த்தால் மாயம் கலைந்துவிடுகிறது. 784 புள்ளிகளின் கருமையை எண்களாக உள்ளே விடுகிறோம். ஒவ்வொன்றையும் ஓர் எடையால் பெருக்கிக் கூட்டி, ‘இது ஆறாக இருக்கலாம்’ என்று வலை ஊகிக்கிறது. ஊகம் எவ்வளவு பிசகியது என்று அளந்து, பிசகு குறையும் பக்கமாக எடைகளைச் சிறிதளவு நகர்த்துகிறோம். ஆயிரக்கணக்கான முறை இப்படியே. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாக வந்தது. ஆறு என்றால் என்ன என்று நான் எங்கும் எழுதவில்லை; வலைக்கும் தெரியாது. ஒரு காகிதத்தில் மீன் படம் வரைந்து கொடுத்தாலும் அது பத்து இலக்கங்களில் ஒன்றைத்தான் சொல்லும். ‘தெரியாது’ என்று சொல்ல அதற்கு நாம் கற்பிக்கவில்லையே! பெரிய மொழி மாதிரிகள் இதைவிடப் பன்மடங்கு பெரியவை, நுட்பமானவை. எனினும், அடுத்து வரத்தக்க சொல் எது என்று எடைகளைக்கொண்டு கணிப்பதே அவற்றின் அடிப்படைத் தொழில். விதியின்படி பங்கிட வேண்டிய இடத்தில், நூற்றுக்கு மூன்று பிசகும் ஊகம் ஆகாது. எழுதியவர் கையையும் மையையும் பொறுத்து மாறும் எழுத்தைப் படிக்க வேண்டிய இடத்தில், விதி எழுதிக்கொண்டிருப்பவர் தோற்பார். அங்கே ஊகிக்கும் வலையே கைகொடுக்கும்.

மூன்றாவது வாக்கியம் அங்கிருந்து வந்தது. வாப்பாவின் ஏட்டில் கணக்குகளை நான் படித்துவிட்டேன். ஆனால் ஓரங்களில் அரபுத் தமிழில் எழுதிய குறிப்புகள் ஏராளம். எந்த வீடு, என்ன தகராறு, யார் விட்டுக்கொடுத்தார் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. அந்த எழுத்தை ஓதத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் இன்று விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. அரபு எழுத்தோடு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் கூட்டி அமைத்தவை அவை. வாப்பாவின் பேனாவோ, அவசரத்தில் புள்ளியை அடுத்த எழுத்தின் தலையில் வைத்துவிட்டுப் போயிருக்கும். பக்கங்களைப் படமெடுத்து, எழுத்து எழுத்தாக வெட்டி, இன்ன எழுத்து என்று பெயரிட்டு அடுக்கி வருகிறேன். ஐயம் வந்தால் எண்பத்து நான்கு வயதான எங்கள் ராத்தாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன். அவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “இது வாப்பா எழுதிய ‘ட’தான், வால் இப்படித்தான் இழுப்பார்கள்,” என்கிறார்கள். வலைக்குக் கற்பிக்க முதற்கட்டமாக ஆயிரம் எழுத்து என்று நோட்டில் எழுதியிருக்கிறேன். இன்று காலை வரை 640 ஆகியிருக்கிறது.