இங்கினியாகலையில் ஒரு லுஹர்

மட்டக்களப்பு வாவியின் தென்கோடியிலிருந்து அம்பாறை வழியே சென்றால் இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரத்தைக் காணலாம். மகாவலியில் 1985இல் திறந்த விக்டோரியா அணை, 122 மீட்டர் உயரத்தில் வளைந்து நிற்கும் கொங்கிறீட் சுவர். இதுவோ பட்டிப்பளை ஆற்றை மறித்து, 1949இல் கட்டத் தொடங்கிய மண் அணை. பெயர்தான் சமுத்திரம், நீர் நன்னீர், அல்ஹம்துலில்லாஹ்!

இந்நீர் மின்சாரமும் தந்து, வாய்க்கால் வழியே சம்மாந்துறை, கல்முனை வயல்களுக்கு வருகிறது. சிறுபோகத்தில் அணை வற்றினால் கடைசிக் கண்டத்து வயல்களே முதலில் காயும். வட்டவிதானை சொல்லும் தண்ணீர் முறைக்காக ஆண்கள் காத்திருக்க, வீட்டில் உம்மா மிஞ்சிய நெல்லை அளந்து பார்ப்பார்.

உளூச் செய்யக் குனிந்தேன். ஓடும் ஆற்றிலும் விரயம் கூடாதென்ற நபி (ஸல்) அவர்களின் போதனை நினைவில் வர, அள்ளிய கை தானாகச் சுருங்கியது.